இலக்கம் ஒன்று, திசை இரண்டு

டோர்ட்முண்ட் விமான நிலையத்தின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையத்தில் இறங்கினால் விமானம் எதுவும் கண்ணில் படாது. அந்த ஊர் ஹோல்ஸ்விக்கெட. பலகையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு ‘டோர்ட்முண்ட் ஃப்ளூக்ஹாஃபென்’ என்று எழுதியிருப்பார்கள். விமான நிலையத்துக்கு அங்கிருந்து ஷட்டில் பஸ் ஓடுகிறது. கொஞ்ச நேர ஓட்டம்தான்.

நான் ஜேர்மனிக்கு வந்தது 2016இல். மறுவருடம் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு லண்டனிலிருந்து என் கணவரின் மாமி வந்தா. கணவருக்கு வேலை. கூட்டிவரும் பொறுப்பு என் தலையில். எங்கள் வீடு ஹம் நகரில்தான். டோர்ட்முண்ட் பெரிய பான்ஹோஃபுக்கு, அதாவது ரயில் நிலையத்துக்குப் போய், அங்கே மாறித்தான் வரவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது தேவையே இல்லை. விமான நிலையம் டோர்ட்முண்டுக்குக் கிழக்கே இருக்கிறது, ஹம் அதற்கும் கிழக்கே. டோர்ட்முண்டுக்குப் போவது ஹம்முக்கு எதிர்ப்பக்கம் போவதுதான். ஹோல்ஸ்விக்கெடவில் ஏறினால் ஊனா வழியாக ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஹம்.

போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போதுதான் பிழை விட்டேன். மாமியிடம் இரண்டு சூட்கேஸ். மற்றப் பெட்டிகளோடு மாறிவிடாமல் இருக்க இரண்டின் கைபிடியிலும் பழைய சேலைக்கரையைக் கிழித்துக் கட்டியிருந்தா, மஞ்சளும் அரக்கும். பஸ்ஸால் இறங்கி வர ரயில் நின்றது. ஆர்.ஈ. 7 என்ற ரயில் இலக்கத்தைக் கண்டதுமே ஏறிவிட்டோம். கதவு மூடி ஓடத் தொடங்கிய பிறகு, அடுத்த நிலையம் ஷ்வெர்ட்டே என்று அறிவித்தார்கள். எனக்கு வயிறு கலங்கியது. அது ஹாகன் பக்கம், ஹம்முக்கு நேர் எதிர்த்திசை.

“பிள்ளை, நீ ஏன் வேர்க்கிறாய்?” என்று மாமி கேட்டா. சொன்னேன். “அதுக்கென்ன, இறங்கித் திரும்புவம்” என்றா. ஷ்வெர்ட்டேயில் அந்தச் சேலைக்கரையைப் பிடித்துத் தூக்கியபடி மேடை மாறினோம். ஆளுக்கொரு பெட்டி. மாமிக்கு அப்போது எழுபது நெருங்கியிருந்தது. நினைத்தால் இப்பவும் மனம் பொறுக்குதில்லை.

ஊரில் யாழ்தேவியில் ஏறும்போது வடக்கா தெற்கா என்று யோசித்ததே கிடையாது. இங்கே ஒரே இலக்கம் இரண்டு பக்கமும் ஓடும். பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது கடைசி ஊரின் பெயர். நாம் போகிற ஊரைச் சின்ன எழுத்தில்தான் தேடவேண்டும். அதனால் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது கடைசி ஊர்ப் பெயர்களைத்தான். ஆர்.ஈ. 7இல் ரைன அல்லது முன்ஸ்டர் என்றிருந்தால் அது ஹம் வழியாகப் போகும். (ரைன் ஆறு இல்லை, ரைன என்பது வடக்கே ஓர் ஊர்.) கேல்ன், கிறேஃபெல்ட் என்றிருந்தால் ஏறக்கூடாது. ஆர்.ஈ. 13 ஹம்மில் முடியும். மறுபக்கம் வென்லோ, அது ஒல்லாந்து எல்லைக்குள். டோர்ட்முண்டுக்குத்தான் போகவேண்டும் என்றால் ஆர்.பி. 59. அது மறுபக்கம் சோஸ்ட் வரை ஓடும். டோர்ட்முண்ட் கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்திலும் நிற்பதால், ஆட்டம் உள்ள நாளில் மஞ்சள் சட்டைகளுக்கு நடுவே பெட்டியோடு நிற்கக்கூட இடம் கிடைக்காது. சிறுபிள்ளைகளோடு வருகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

ரிக்கற் இன்னொரு தலையிடி. டோர்ட்முண்ட் ஒரு கட்டண வட்டாரம், ஹம் வேறு வட்டாரம். டோர்ட்முண்டுக்குள் ஓடும் ரிக்கற்றை வைத்துக்கொண்டு ஹம் வரை வரமுடியாது. சில ரிக்கற்றுகளை ஏறமுதல் முத்திரை குத்தும் பெட்டியில் செருகி எடுக்கவேண்டும். முதல் வருடத்தில் அது தெரியாமல், காசு கொடுத்து வாங்கிய ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டே 60 யூரோ தண்டம் கட்டினேன். அந்தக் கிழமை மரக்கறி வாங்கக்கூடக் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஜேர்மனி முழுவதற்குமான மாதச் சீட்டு வந்தபோது மற்றவர்களைவிட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் பெரிய ஆறுதல். விலை பிறகு கூடிவிட்டது, ஆனாலும் வட்டாரம் பார்க்கிற பயம் போய்விட்டது. ஐ.சி.ஈ. போன்ற விரைவு ரயில்களில் மட்டும் அது செல்லாது.

போன தேருக்கு மாமி தனியாகவே வந்தா. ஹோல்ஸ்விக்கெட மேடையில் நின்று போன் எடுத்தா. பின்னால் காற்று இரைந்தது.

“பிள்ளை, ரைன எண்டு போட்டிருக்கு. ஏறட்டோ?”

“ஏறுங்கோ மாமி.”