இலை எங்கே முடிகிறது?

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று தரம் தொலைபேசியில் கேட்டுவிட்டார். கிரிக்கெட் பற்றியும் பரிசளிப்பு விழா பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் இரண்டிலும் வெறும் பார்வையாளன். அதனால் சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் தாவரவியல் மாஸ்டருக்குப் பின்னால் வரிசையாக நடந்த பத்துப் பன்னிரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன்.

கொண்டுபோவது ஒரு கொப்பி, ஒரு பென்சில், செடியை வைத்து அமுக்கப் பழைய பத்திரிகைத் தாள்கள். எல்லோருக்குமாக ஒரேயொரு கைவில்லை, அதாவது பூதக்கண்ணாடி. அது யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அன்றைக்கு ராசா. கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு செடி. பக்கத்தின் முதல் வரியை வெறுமையாக விடவேண்டும். அது பெயருக்கான வரி. அதைக் கடைசியாகத்தான் நிரப்பலாம். நிரப்ப முடியாவிட்டால் அப்படியே கிடக்கட்டும். "சேர், இதென்ன மரம்?" என்று கேட்டவனுக்கு அவர் ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. "பேரைப் பிறகு பாப்பம். முதல்ல இலையைக் காட்டும்" என்பார்.

முதல் நாள் வேம்பு. இதுகூடத் தெரியாதா என்று எங்களுக்கு இளக்காரம். ஓர் இலை பிடுங்கி வரச் சொன்னார். ஆளுக்கொன்றாக நீட்டினோம்: விரல் நீளம், ஓரத்தில் வாள்பல், பிறைபோல ஒரு வளைவு. "நான் இலை கேட்டனான். நீங்கள் எல்லாரும் துண்டு கொண்டுவந்திருக்கிறியள்" என்றார். பிறகு கிளையை வளைத்துப் பிடித்து, ஈர்க்கு கிளையோடு ஒட்டும் இடத்தைக் கைவில்லையில் காட்டினார். அந்தக் கக்கத்தில் கடுகளவில் ஒரு மொட்டு. ஈர்க்கின் இருபுறமும் நிற்கும் பச்சைத் துண்டுகளின் அடியில் தேடினோம். ஒன்றிலும் மொட்டு இல்லை. மொட்டு இருக்கிற இடத்தில்தான் இலை தொடங்குகிறது. அப்படியானால் இருபது முப்பது துண்டுகளோடு 20 முதல் 40 சென்ரிமீற்றர் வரை நீளும் அந்த ஈர்க்கு முழுவதும் ஒரே இலை; இப்படிப்பட்டதற்குக் கூட்டிலை என்று பெயர். நாங்கள் பிடுங்கியது வெறும் சிற்றிலை. நாள்தோறும் பார்த்த மரத்தில் இலை எது என்றே தெரியாமல் இருந்திருக்கிறோம்.

அடுத்த கிழமை நெல்லி மரத்தடியில் நின்றதும், "கூட்டிலை சேர்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். மெல்லிய குச்சி, இருபுறமும் சீப்புப்பல் போலச் சின்ன இலைகள். பார்வைக்கு வேம்பைவிடச் சுத்தமான கூட்டிலை. மாஸ்டர் ஒன்றும் பேசாமல் குச்சியைப் புரட்டி, கைவில்லையை என்னிடம் தந்தார். அடிப்பக்கத்து இலைகளின் கக்கங்களில் பொடிப் பொடியாகப் பூக்கள். கக்கத்தில் பூ வந்தால் அது சிற்றிலை அல்ல, முழு இலை. நாங்கள் ஓர் இலை என்றது ஒரு சின்னக் கிளை! உதிரும்போதுகூட அந்தக் கிளை இலையைப் போல முழுதாகவே உதிர்ந்து ஆளை ஏமாற்றும். காலடியில் நின்ற கீழ்க்காய்நெல்லியும் அதே வித்தைக்காரிதான். இலைகளுக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் வந்த பெயர் அது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும். பெயர் வைத்தவர்கள் குனிந்து பார்த்தவர்கள்.

என்னுடைய பெரிய வீழ்ச்சி கையாந்தகரையில் நடந்தது. கரிசலாங்கண்ணி என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். ஈரமான ஓரத்தில் வெள்ளைப் பூவோடு ஒரு பூண்டு நின்றது. பார்த்தவுடனே முதல் வரியில் பெயரை மையால் எழுதிவிட்டேன். மாஸ்டர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்டைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். நடந்துகொண்டே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கையை விரிக்கச் சொன்னார். வெறும் பச்சை. கையாந்தகரையென்றால் சாறு கறுத்திருக்கவேண்டும். நான் பிடுங்கியது வெட்டுக்காயப் பூண்டு. நீண்ட காம்பின் நுனியில் தனிப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் நாலைந்து இதழ், ஒவ்வோர் இதழின் நுனியிலும் மூன்று பல். முற்றினால் விதை பஞ்சு கட்டிப் பறக்கும். கையாந்தகரைக்குப் பஞ்சும் இல்லை, பறப்பும் இல்லை. மையால் எழுதியதை அழிக்க முடியாது. அந்தப் பக்கம் கடைசிவரை அப்படியே இருந்தது.

காஞ்சொறி கதையும் உண்டு. இலையில் மயிர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த மகான் நான்தான். மயிர் இருந்தது. விரல் மாலைவரை எரிந்தது.

பெயர்களில் அவருக்கு வெறுப்பு இருந்ததென்று நினைக்கவேண்டாம். தொட்டாற்சிணுங்கியை ஓரிடத்தில் தொட்டால்வாடி என்பார்கள், இன்னோரிடத்தில் தொட்டாச்சுருங்கி. இந்தக் குழப்பத்துக்காகத்தான் சுவீடன்காரர் லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கு இரட்டைச் சொற்பெயரை நிலைநிறுத்தினார் என்று விளக்குவார். இதற்கு அவர் கொடுத்தது மிமோசா பியூடிகா. பியூடிகா என்றால் நாணமுள்ளது. சிணுங்குகிறது என்று நம்மவர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே. எங்கள் தமிழ் ஆசிரியர் ஒருவர், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். "அதில எத்தனையைக் கையால தொட்டுக் காட்டுவியள்?" என்று மாஸ்டர் அவரைச் சீண்டுவார். அது வெறும் சீண்டல் இல்லை. அவற்றில் சில எந்தச் செடியின் பூ என்பதில் அறிஞர்களுக்குள் இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை.

சரி, இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த கதைக்கு வருகிறேன். முதல் பனிக்காலம், ஒரு மரத்திலும் இலை இல்லை. இலையே இல்லாத ஊரில் மாஸ்டரின் பாடம் எதற்கு உதவும்? ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் தாழ்ந்து நின்ற ஒரு கிளை கண்ணில் பட்டது. மொட்டுகள் எதிரெதிராக நின்றன. தொட்டால் பிசின்போல ஒட்டின. ஒவ்வொரு மொட்டுக்கும் கீழே குதிரை லாடம் மாதிரி ஒரு தழும்பு, அதற்குள் ஆணி அடித்ததுபோலப் புள்ளிகள். இலை உதிர்ந்த இடம் அது. புள்ளிகள், இலைக்கு நீர் கொண்டுபோன குழாய்களின் தடம். வீட்டுக்கு வந்து புதுக் கொப்பி ஒன்றில் இவ்வளவையும் எழுதி, முதல் வரியை விட்டுவைத்தேன். இளவேனிலில் அதே கிளையில் விரித்த கைபோல ஏழு சிற்றிலையோடு இலை வந்தது. ஹோர்ஸ் செஸ்ட்நட் என்று அன்றைக்குத்தான் எழுதினேன்.

வேலியோரத்தில் தும்பையின் சொந்தக்காரரையும் கண்டேன். சதுரத் தண்டு, கணுவைச் சுற்றி வளையமாக வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் மேலுதடு கீழுதடு. இலையைப் பார்த்தால் சுணைக்கும் நெட்டில் செடியேதான், ஆனால் சுணைக்காது. டெட் நெட்டில் என்கிறார்கள். துளசி, தும்பை எல்லாம் இருக்கிற குடும்பம். இந்தமுறை தடவிப் பார்க்குமுன் பூவைப் பார்த்தேன்.

இப்போது கைபேசிச் செயலிகள் வந்துவிட்டன. படம் எடுத்தால் பெயர் வருகிறது. நானும் பாவிக்கிறேன், பல நேரம் சரியாகவும் சொல்கிறது. நடைபாதை ஓரத்தில் மஞ்சள் பூவோடு ஒரு செடி நிற்கிறது. கிள்ளினால் பால் வருகிறது. பூக்காம்பு கிளைவிட்டிருக்கிறது, ஆகவே கிளைக்காத காம்பில் ஒற்றைப் பூ வைக்கும் டான்டிலியன் இல்லை. செயலி மூன்று நாளில் மூன்று பெயர் சொன்னது. பென்சிலைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். இலையின் இருபக்கமும் வரைந்தாயிற்று, காம்பில் மயிர் இருக்கிறதென்றும் எழுதியாயிற்று. விதை முற்றட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேல் வரி இன்னும் வெறுமை.