முன்சக்கரம் பூட்டவில்லை: பைப்பர் ஏரோ 3-இல் தரையிறங்கியது எப்படி

பைப்பர் ஏரோ 3 என்பது சக்கரங்களை மடக்கிக்கொள்ளும் ஒற்றை எஞ்சின் சிறு விமானம். சக்கரம் இறங்கிப் பூட்டிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்கு இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் எரிந்து, முன்சக்கரத்துக்கு மட்டும் எரியவில்லை என்றால் இறங்குவதை விட்டுவிட்டு மேலேறிவிட வேண்டும். டாங்கில் பெட்ரோல் இருக்கும்வரை நேரமும் இருக்கிறது. நாங்களும் போக்குவரத்துச் சுற்றை (இறங்க வரும் விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் பாதையை) விட்டு விலகி, உயரம் எடுத்த பிறகுதான் கையேட்டைத் திறந்தோம்.

முதலில் விளக்கையே சந்தேகப்பட வேண்டும். பகலில் ரேடியோ விளக்கு சுவிட்ச் போட்டிருந்தால் பச்சை விளக்குகள் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கிவிடும். அதை அணைத்து, மாஸ்டர் சுவிட்சையும் (மின்சாரத்துக்கான முதன்மை சுவிட்ச்) சர்க்யூட் பிரேக்கர்களையும் பார்த்து, எரிகிற பல்பைக் கழற்றி எரியாத இடத்தில் மாட்டிப் பார்த்தோம். அங்கே அதுவும் எரியவில்லை.

இந்த விமானத்தில் சக்கரங்களை மேலே தாங்கி நிற்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே. மேலே பிடித்துக்கொள்ளக் கொக்கி கிடையாது. வேகத்தை 87 நாட் (மணிக்கு 87 கடல் மைல்) அளவுக்குக் கீழே குறைத்து, கியர் சுவிட்சைக் கீழ்நிலையில் வைத்து, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள அவசர நெம்புகோலை அழுத்திப் பிடித்தால் அழுத்தம் வெளியேறி, சக்கரங்கள் தம் எடையிலேயே விழும். நெம்புகோலை இடையில் விட்டுவிடக் கூடாது. அதற்கும் பூட்டாவிட்டால் சுக்கானை மிதித்து விமானத்தை இடமும் வலமுமாக வெடுக்கென்று திருப்ப வேண்டும். இது பெரிய சக்கரங்களுக்கு நன்றாக உதவும். முன்சக்கரத்தின் சிக்கல் வேறு. அது பின்னோக்கி மடங்குவது. இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வர வேண்டும். அதனால்தான் பாதுகாப்பான மிகக் குறைந்த வேகம், மிகக் குறைந்த எஞ்சின் விசை என்று கையேடு சொல்கிறது. இறங்க உதவும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதற்கும் வராது.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்தால் ‘சக்கரம் கீழே தெரிகிறது’ என்பார்கள். பூட்டியிருக்கிறதா என்பது அங்கிருந்து தெரியாது. அந்தப் பதிலை நம்பி இறங்கக் கூடாது. ஆள் எத்தனை, எரிபொருள் எவ்வளவு என்று கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள்.

ப்ரொபெல்லரைக் காப்பாற்ற வானத்திலேயே எஞ்சினை அணைத்து, ஸ்டார்ட்டரால் இதழ்களைப் படுக்கையாக நிறுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அணைத்த பின் ஓடுபாதைக்கு எட்டாமல் போனால் மறுபடி சுற்றி வர வழியே இல்லை. உலோகத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

கதவு ஒன்றுதான், வலப்பக்கம். கதவின் சட்டம் நெளிந்தால் திறக்காது என்பதால் இறுதி அணுகலிலேயே தாழை விடுவித்தோம். பெரிய சக்கரங்கள் தரை தொட்டதும் மிக்ஸ்சரை (எரிபொருள்-காற்றுக் கலவைக் கட்டுப்பாட்டை) இழுத்து, எரிபொருளையும் மாஸ்டரையும் மூடி, கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்தபடியே மூக்கை முடிந்தவரை தூக்கிப் பிடிக்க வேண்டும். பிரேக் போடக் கூடாது. போட்டால் மூக்கு சட்டென்று விழும். வேகம் குறைந்ததும் அது தானாக இறங்கி, முன்சக்கரம் மடங்கி, ப்ரொபெல்லர் தரையில் உரசும்.

விமான விபத்துகளை அறிவிப்பது பற்றிய அமெரிக்க விதிகளின் 830-ஆம் பகுதிப்படி, வளைந்த ப்ரொபெல்லரும் லேண்டிங் கியர் சேதமும் மட்டும் ‘கணிசமான சேதம்’ ஆகாது. ஆனால் எஞ்சின் கணக்கு வேறு. ப்ரொபெல்லர் தரையில் பட்ட லைகமிங் எஞ்சினில் (இந்த விமானத்தில் இருப்பதும் அதுதான்) கிராங்க்‌ஷாஃப்டின் பின்புறக் கியரைச் சோதித்து, அதைப் பிடிக்கும் போல்ட்டையும் பூட்டுத் தகட்டையும் மாற்ற வேண்டும் என்பது 2004-10-14 எண்ணுள்ள, விமானம் பறக்கத் தகுதி பற்றிய அமெரிக்க ஆணை. இதழை மட்டும் மாற்றிப் பறக்க யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழுது முடிந்ததும் விமானத்தை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைப் பலமுறை மடக்கி இறக்குவார்கள். அவசர நெம்புகோலால் மட்டும் இறக்கும் சோதனையையும் கேட்டு வாங்கி, பக்கத்தில் நின்று பாருங்கள்.