32 பிட் பெருக்கியைப் பல்லுறுப்புக்கோவையால் சரிபார்த்தோம்

தேவை x²−y² கணக்கிடும் சர்க்கியூட். இரண்டும் குறியுள்ள 8 பிட் எண்கள். அப்படியே எழுதினால் இரண்டு பெருக்கி (பெருக்கல் சர்க்கியூட்) வேண்டும். (x+y)(x−y) என்று காரணிப்படுத்தினால் லைப்ரரியில் தயாராக உள்ள ஒன்றே போதும். ஆனால் கூட்டலும் கழித்தலும் 9 பிட்டுக்கு வளரும். 8 பிட் கூட்டியை வைத்தால் விடையின் கீழ் 8 பிட்டுக்கு மட்டுமே உத்தரவாதம். ஆகவே எடுத்தது 9×9 வாலஸ் மரப் பெருக்கி, அதாவது பகுதிப் பெருக்கல்களை மரம்போல் அடுக்கிய கூட்டிகளால் சேர்ப்பது.

இந்த அளவுக்கு 2,62,144 உள்ளீட்டு ஜோடிகள்தான், சிமுலேஷனே போதும். அதே பிளாக்கை (பெருக்கியை) 32 பிட்டில் எடுத்தால் 2⁶⁴ ஜோடிகள், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க முடியாது. யோசிஸ் என்ற சர்க்கியூட் மென்பொருளில் மைட்டர் (இரண்டு சர்க்கியூட்டின் வெளியீடுகள் வேறுபட்டால் 1 காட்டும் இணைப்பு) கட்டி, அது 1 ஆக முடியுமா என்று தேடும் சாட் சால்வரிடம் கொடுப்பது அமைப்பு ஒத்த சர்க்கியூட்டுகளுக்குத்தான் சரிப்படும்; கூட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கிய அரே பெருக்கியை வாலஸ் மரத்தோடு ஒப்பிட்டால் முடியவே முடியாது போலிருக்கும்.

அதனால் ஒவ்வொரு கேட்டையும் கோவையாக எழுதினோம்: நாட் 1−a, ஆண்ட் ab, ஆர் a+b−ab, எக்ஸார் a+b−2ab. மாறிகள் 0 அல்லது 1 என்பதால் a²=a. வெளியீட்டு பிட்டுகளின் எடைக்கூட்டலிலிருந்து (ஒவ்வொரு பிட்டையும் அதன் இட மதிப்பால் பெருக்கிக் கூட்டியது) A·B-ஐ, அதாவது இரு உள்ளீட்டு எண்களின் பெருக்கலைக் கழித்து, வெளியீட்டிலிருந்து உள்ளீடு நோக்கி ஒவ்வொரு கேட்டாகப் பிரதியிட வேண்டும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பிளாக் சரி.

சிக்கல் முழுக்கூட்டியில் தொடங்கும்: அது a, b, c என்ற மூன்று பிட்டைக் கூட்டி, கூட்டல் பிட் S, கேரி பிட் C இரண்டையும் தரும். p=a⊕b (எக்ஸார்), q=ab, r=pc, C = q ஆர் r என்று வைத்தால் 2C+S = a+b+c−2qr. இதில் qr எப்போதும் பூஜ்யம், ஏனென்றால் p, q இரண்டும் ஒருசேர 1 ஆகாது. ஆனால் p, q இரண்டையும் உள்ளீடுவரை விரித்த பிறகுதான் அது தானாக அடிபடும். அதுவரை விட்டுவைத்தால் நூற்றுக்கணக்கான கூட்டிகளின் qr உறுப்புகள் ஒன்றோடொன்று பெருகி மெமரி தீர்ந்துவிடும். pq=0 என்ற விதியை முன்பே சேர்த்து, ஒரு கூட்டியின் S, C இரண்டையும் அடுத்தடுத்துப் பிரதியிட்டதும் கோவை அடங்கியது.

கடைசியில் மிஞ்சும் எச்சம் பூஜ்யமாகாவிட்டால் அதன் வடிவத்தைப் பாருங்கள். 9 பிட் பெருக்கியையே எடுத்துக்கொள்வோம், A-இன் குறி பிட் a₈. எல்லா உறுப்பும் 512·a₈-இன் மடங்காக இருந்தால் சர்க்கியூட்டில் பிழை தேட வேண்டாம். குறி பிட்டின் எடையை −256-க்குப் பதில் +256 என்று எழுதியிருப்பீர்கள். 2¹⁸-இன் மடங்குகள் மிஞ்சினால் அது கைவிடப்பட்ட மேல் கேரி, மாடுலோ எடுத்தால் போய்விடும். வேறெது மிஞ்சினாலும் அது பூஜ்யமாகாத 0/1 மதிப்புகளைத் தேடுங்கள், பிழை தெரியும் உள்ளீடு கையில் கிடைக்கும்.

இதையெல்லாம் ஆப்டிமைஸ் செய்வதற்கு முந்தைய நெட்லிஸ்டில் (கேட்டுகளும் அவற்றின் இணைப்புகளும் அடங்கிய பட்டியலில்) செய்யுங்கள். பிறகு செய்தால் கூட்டிகளின் எல்லை கலைந்து pq ஜோடிகளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆப்டிமைஸ் ஆன நெட்லிஸ்டைப் பழையதோடு ஒப்பிட ஏபிசி என்ற மென்பொருளின் சிஇசி (இரண்டு சர்க்கியூட்டும் சமமா என்று பார்க்கும்) கட்டளை போதும், அங்கே அமைப்பு பெரும்பாலும் ஒத்தே இருக்கும்.