விசில் வருதா தம்பி?

1996-ல் மன்னார்குடியில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாசம் ஈயம் வைப்பதும் தூசி ஊதுவதும்தான் வேலை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. கதகதப்புக்காக உள்ளே புகுந்த பல்லி போர்டில் கருகிக் கிடக்கும்.

அப்படியொரு மழையில் 20 அங்குல கலர் டிவி ஒன்று என் கைக்கு வந்தது. படத்தின் ஒவ்வொரு கோட்டையும் ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். பியூ508ஏ, 1500 வோல்ட் தாங்கும் சரக்கு. புதுசு மாட்டி, கரண்ட் மீறிப் போகாமலிருக்க 100 வாட் பல்பை சீரிஸில் போட்டு ஓட்டினேன். படம் சுருங்கி, மங்கலாக, ஆனால் ஓடியது. பல்பை எடுத்துவிட்டு நேரே கரண்ட் கொடுத்தேன். 'டிக்'. இன்னொன்று மாட்டினேன். மறுபடி 'டிக்'. மூன்றாவதும் போனதும் டூப்ளிகேட் சரக்கு என்று விற்றவரைத் திட்டினேன். டூப்ளிகேட்டும் உண்டுதான், தின்னரில் துடைத்தால் எழுத்தே போய்விடும், உடைத்தால் உள்ளே சில்லு கடுகளவு இருக்கும். அன்று நான் எரித்த மூன்றும் ஒரிஜினல்.

எனக்கு வேலை பழக்கிய அண்ணன் சாப்பிட்டு வந்தார். டிரான்சிஸ்டரைப் பார்க்கவே இல்லை. போர்டைத் திருப்பி, டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருந்த கண்டென்சரை நகத்தால் அசைத்தார். ஒரு கால் ஈயம் விட்டு ஆடியது.

"செத்தவனையே எத்தனை தடவடா மாத்துவ? அடிச்சவன் இங்க நிக்கிறான் பாரு."

அந்த டிரான்சிஸ்டர் விநாடிக்கு 15,625 தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. ஆஃப் ஆகும் ஒவ்வொரு தடவையும் காயிலில் ஓடிய கரண்ட் அந்தக் கண்டென்சரில் போய் ஏறும். அது இருப்பதால்தான் கலெக்டரில் எழும் வோல்ட் ஆயிரம் சொச்சத்தில் நிற்கிறது. அது விட்டுப்போனால் வடிகால் அடைத்த வயல் மாதிரிதான், வரப்பு உடையும். சீரிஸ் பல்பு சப்ளையைக் குறைத்துவிட்டதால் 1500-ஐத் தாண்டாமல் ஓடி என்னை ஏமாற்றியிருக்கிறது.

டிவி ஒழுங்காக ஓடினால் அந்த 15,625 மெல்லிய விசிலாகக் கேட்கும். அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கேட்காது. ஸ்விட்சைப் போட்டதும், "விசில் வருதா தம்பி?" என்பார். சம்பளம் என் கைக்கா காதுக்கா என்று எனக்கே சந்தேகம் வரும்.

இப்போது வருவதெல்லாம் இண்டக்சன் அடுப்பு. உள்ளே அதே மாதிரி ஆன் ஆகி ஆஃப் ஆகும் 1200 வோல்ட் ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டர், பக்கத்திலேயே காயில், கண்டென்சர். பெயர்தான் வேறு. புது ஐஜிபிடியைக் கையோடு வாங்கி வந்து, "இத மட்டும் மாத்திக் குடுங்கண்ணே, சாயங்காலம் பால் காய்ச்சணும்" என்று நிற்கிறார்கள். நான் முதலில் கண்டென்சரைத்தான் கழற்றி அளக்கிறேன். 0.3 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும், மீட்டர் 0.2 காட்டும். ஐஜிபிடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அவர்களுக்குக் கோபம் வருகிறது.

போன மாசம் அதிசயமாக ஒரு பழைய டிவி வந்தது. ஈயம் வைத்து ஓட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. எனக்குச் சத்தமே இல்லை. கடையில் வேலை பழகும் பையனிடம், "விசில் வருதா தம்பி?" என்றேன்.

அவன் காதைப் பொத்திக்கொண்டு, "நிப்பாட்டுங்கண்ணே" என்றான்.