மார்கழியில் வேர்க்கும் வீடு

டிசம்பர் 17

மழை விட்டு வானம் வெளுத்தாயிற்று. ஆனால் தகர ஷீட் போட்ட எங்கள் முற்றத்தில் மட்டும் விடியற்காலையில் சொட்டுகிறது. கோலமாவுக் கிண்ணத்தோடு தாழ்வாரத்தில் இறங்கினேன், பிடரியில் சில்லென்று ஒன்று விழுந்தது. அத்தை கட்டிலில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "ஷீட்டு ஒழுகுது. போட்டவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளு."

ஒழுகுவதாக இருந்தால் அடைமழையில் ஒழுகியிருக்க வேண்டும். அப்போது ஒரு பொட்டு இறங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். திருகாணி ஓட்டைகளைச் சுற்றி மட்டும் என்றில்லை, ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். சரிவில் மெதுவாக வழிந்து இரும்புச் சட்டத்தில் சேர்கிறது, அங்கிருந்து சொட்டுகிறது.

இது திறந்த முற்றமாக இருந்த வீடு. குரங்குத் தொல்லைக்குக் கம்பி அழி போட்டோம், அப்புறம் சாரலுக்கென்று தகர ஷீட் போட்டோம். குடமுருட்டி ஆற்றங்கரை ஊர்களில் பாதி வீட்டில் இதுதான் கதை. மேகமில்லாத ராத்திரியில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். சுற்றியிருக்கும் காற்றைவிடவும் அது குளிர்ந்துபோகும். கீழே இத்தனை பேர் மூச்சு, அடுக்களை ஆவி, கொடியில் ஈரத்துணி. வேர்க்காமல் என்ன செய்யும்?

வாசலில் வெட்டவெளியில் நிற்கும் எங்கள் ஸ்கூட்டரின் சீட் தொப்பலாக நனைந்திருக்கிறது. எதிர்வீட்டு வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. அதன் சீட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமே இல்லை.

டிசம்பர் 19

காலை ஏழரைக்கு மகளின் வீடியோ கால். வின்னிபெக்கில் அப்போது முந்தின நாள் ராத்திரி எட்டு மணி, வெளியே மைனஸ் 24.

"அம்மா, ஜன்னல்ல உள்பக்கமா ஐஸ் கட்டியிருக்கு, பாரேன்." போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினாள். இரட்டைக் கண்ணாடிதான். நடுவில் தெளிவாக இருக்கிறது, அடி ஓரத்தில் மட்டும் விரல் தடிமனுக்கு வெள்ளை விளிம்பு. கீழே மரச் சட்டத்தில் கடுகைச் சிதறினாற்போல் கறுப்புப் புள்ளிகள், பூசணம். ஜன்னலை ஒட்டிக் குழந்தையின் தொட்டில், நடுவே கனத்த திரைச்சீலை.

குழந்தைக்கு மூக்கு வறண்டு ரத்தம் கசிகிறதென்று யாரோ சொல்லி, காற்றுக்கு ஈரம் கூட்டும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ராவும் பகலும் ஓடுகிறது, முள் 50 சதவீதத்தில்.

இதில் அவளையும் குறை சொல்ல முடியாது. மைனஸ் 25 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் சொச்சம் நீராவிதான் தாங்கும். பூஜ்யத்தில் கிட்டத்தட்ட 5 கிராம், 21 டிகிரியில் 18, நம்மூர்ப் பகல் 30 டிகிரியில் 30 கிராம். வெளிக்காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 3 சதவீதத்துக்கு வந்துவிடும். உதடு வெடிக்காமல் இருக்குமா? ஆனால் அதே அறையில் 50 சதவீதம் வைத்தால், 10 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கட்டும். கண்ணாடியின் அடி ஓரம் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிறது, அதனால் நீர் பனிக்கட்டியாகவே நிற்கிறது.

வெளியே குளிர் கூடக் கூட உள்ளே ஈரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மைனஸ் 20, 25 என்றால் உள்ளே 20, 25 சதவீதம் என்பதுதான் அந்தப் பக்கத்தில் சொல்லும் கணக்கு. கருவியைத் தணித்து வை, தொட்டிலை உள்சுவர்ப் பக்கம் போடு, பகலில் திரையை விலக்கு, ஹீட்டர் சூடு கண்ணாடியில் படட்டும் என்றேன். திரை போட்டால் குளிர் தெரியாது என்கிறாள். அவளுக்குத் தெரியாதுதான். கண்ணாடிக்கும் சூடு தெரியாமல் போகிறதே!

மாப்பிள்ளை பின்னாலிருந்து, "அத்தை, அப்போ இவ மூக்கு?" என்று கேட்டார். உப்பு நீர்ச் சொட்டு மருந்துக்கு டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 20

அவளுக்குச் சொன்னதை இங்கே அளந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. முப்பது வருஷம் அறிவியல் எடுத்த கை.

பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர். பிரிட்ஜிலிருந்து ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தெர்மாமீட்டரால் கலக்கிக்கொண்டே இருந்தேன். 24, 23, 22... ஒன்றுமில்லை. 21க்கு வந்ததும் டம்ளரின் பளபளப்பு மங்கியது. விரலால் இழுத்தால் கோடு விழுகிறது. அறை வெப்பம் 25. மாப்பிள்ளை போன தடவை வைத்துவிட்டுப் போன ஈரப்பதமானி 79 என்றது. கணக்கு ஒத்துப்போகிறது.

இன்றைக்கு இந்த வீட்டில் 21க்குக் கீழே எது இறங்கினாலும் வேர்க்கும். விடியலில் ஸ்டூல் போட்டு ஏறித் தெர்மாமீட்டரை ஷீட்டின் அடியில் ஒட்டவைத்துப் பார்த்தேன். 18.

"வயசான காலத்துல ஸ்டூல் மேல என்ன வேடிக்கை?" என்றார்கள் அத்தை. அவர்களுக்கு 84.

டிசம்பர் 22

சாமான் அறை பீரோவைத் திறந்தால் அத்தையின் கூறைப்புடவை மடிப்பில் வெள்ளைப் பூ. பீரோ வடக்குச் சுவரை ஒட்டி நிற்கிறது, அந்தச் சுவரில் வெயில் படுவதே இல்லை. பின்னால் பெயிண்ட் உப்பிக்கொண்டு, தட்டினால் பொலபொலவென்று உப்பாகக் கொட்டுகிறது.

மேஸ்திரி வந்தார். சுவரை விரலால் சுண்டி, "ஓதம் டீச்சர். சுரண்டிட்டு புட்டி வச்சு வாட்டர்புரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சுட்டா கண்ணுக்கே தெரியாது" என்றார். கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் எனக்குப் பயம். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டின பழைய சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் காலத்தில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறும். முழங்காலளவு நின்ற ஓதம் இடுப்பளவு ஆன வீடுகள் இதே தெருவில் இருக்கின்றன.

அதற்குமுன், இது தரையிலிருந்து வந்த ஈரமா, காற்றிலிருந்து வந்த ஈரமா? அடுக்களை அலுமினியத் தாளை இரண்டு சதுரமாக வெட்டி, சுவரில் கீழே ஒன்று, தலை உயரத்தில் ஒன்று, நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறேன். தாளின் முதுகில் ஈரம் கோத்தால் சுவரிலிருந்து வருகிறது. முகத்தில் கோத்தால் காற்றிலிருந்து வருகிறது.

டிசம்பர் 24

கீழ்ச் சதுரத்தின் முதுகில் ஈரம், மேல் சதுரத்தின் முகத்தில் ஈரம். இரண்டும் உண்டு.

கீழே இருப்பதை இப்போது தொடப்போவதில்லை. பங்குனி, சித்திரையில் சுவர் காய்ந்த பிறகு சிமெண்ட் பூச்சை இடுப்பளவு கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. மேஸ்திரிக்கு இதில் மனமில்லை, சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைக்காது என்கிறார். மேலே இருப்பதற்கு, பீரோவை நாலு விரற்கடை முன்னால் தள்ளியாயிற்று. பட்டுப் புடவைகள் மத்தியான வெயில் வேளையில் நிழலில் உலர்ந்து பருத்தித் துணி உறைக்குள் போய்விட்டன. பாலித்தீன் உறைகளைத் தூக்கிப் போட்டேன். அத்தைக்குக் கோபம், "நல்ல கவரு அது."

டிசம்பர் 27

மார்கழி பிறந்தால் அத்தை நாலரைக்கே எல்லாக் கதவையும் திறந்துவிடுவார்கள். விடியல் காற்றில் ஓசோன் இறங்குகிறது என்று வாட்ஸ்அப்பில் வேறு வருஷா வருஷம் வருகிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

மகளுக்குக் கதவைத் திறப்பது மருந்து. மைனஸ் 25ல் வெளியே இருக்கும் காற்று எந்த நேரத்திலும் உள்காற்றைவிட வறண்டதுதான். ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிஷம் விட்டு மூடினால் ஈரக்காற்று போய்விடும், சுவரும் சாமானும் அதற்குள் குளிர்ந்துவிடாது. நாள் முழுக்க ஒரு விரல் இடுக்கு விட்டுவைப்பதுதான் அங்கே தப்பு. இடுக்கைச் சுற்றிச் சுவர் குளிர்ந்து அங்கேயே பூசணம் பிடிக்கும்.

இங்கே அந்த மருந்து வேலை செய்யாது. விடியலில் 21 டிகிரி, 96 சதவீதம். பிற்பகலில் 29 டிகிரி, 62 சதவீதம். கேட்டால் பிற்பகல் வறட்சி போலத் தெரிகிறது. கணக்குப் போட்டால் இரண்டு வேளையும் ஒரு கன மீட்டரில் அதே 17, 18 கிராம் தண்ணீர்தான். நாலு பக்கமும் தண்ணீர் நிற்கும் சம்பா வயல், பக்கத்தில் ஆறு. எங்கே போகும்? பிற்பகல் காற்றின் நன்மை அதன் சூடுதான். சுவரைச் சூடாக்கி ஈரத்தை எடுத்துப்போகிறது. ஆகவே பதினொன்றிலிருந்து நாலு வரை எல்லாம் திறப்பு. விடியலில் சாமான் அறை சாத்தல். அத்தைக்கு வாசல் கதவை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

அடுக்களைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் சமைக்கும்போது கட்டாயம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது வீட்டுக்குள் 20 லிட்டருக்கு மேல் ஊற்றியாயிற்று. இட்லிப் பானை ஆவி தனி.

ஆனால் எத்தனை ஃபேன் போட்டாலும் ஷீட் சொட்டத்தான் செய்யும். உள் ஈரத்தை எல்லாம் வெளியேற்றினாலும் அங்கே வந்து நிற்பது 96 சதவீத வெளிக்காற்று. காற்றை மாற்றிப் பயனில்லை, தகரம் குளிராமல் பார்க்க வேண்டும்.

ஜனவரி 2

மகள் சொன்ன சமாசாரம்: முள் 25ல் நிற்கிறது. ஐஸ் இல்லை, காலையில் அடி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம், துடைத்துவிடுகிறாள்.

குளியலறை ஃபேன் சத்தம் மட்டும்தான் போட்டிருக்கிறது. டிஷ்யூ பேப்பரை அதன் வாயில் வைத்துப் பார் என்று சொல்லியிருந்தேன், ஒட்டாமல் கீழே விழுந்ததாம். கட்டடக்காரர்கள் வந்து பார்த்ததில் குழாய் முழுக்கத் தூசி. இப்போது தாள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குளித்த பிறகும் அரைமணி ஓடவிடுகிறாள். அடுப்பு மேல் புகைக்கூண்டு இன்னும் மோசம். அது ஆவியை வெளியே தள்ளுவதே இல்லை, கரி வடிகட்டி வழியாக வாசனையை மட்டும் பிடித்துவிட்டு அதே காற்றை அறைக்கே திருப்பி விடுகிறது. சாம்பார் கொதிக்கும்போது மூடி போடு, அவ்வளவுதான்.

ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதே என்றதற்கு, "ட்ரையர் கரண்டு பில் நீ கட்டுவியா?" என்று கேட்டாள்.

ஜனவரி 6

அடுத்த தெருவில் முன்பட்டம் நட்டவர்கள் அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி இரண்டு மாசம் ஊரில் ஈரப்பதம் என்றால் 17தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டையை இறக்க விடமாட்டார்கள், பனிக்காலத்தில் காயவைத்த நெல் ராத்திரியோடு மறுபடி ஈரம் ஏறிவிடும். எங்கள் வீட்டு நெல்லும் முற்றத்தில்தான் அடுக்க வேண்டும். அதற்குள் ஷீட்டுக்கு வழி தேட வேண்டும்.

வெல்டிங் கடையில் கேட்டால் அடியில் வெள்ளி நுரைத் தாள் ஒட்டலாம் என்கிறார்கள், விலை மலைக்கவைக்கிறது. எங்கள் வீட்டுக்காரர், "பேசாம கீத்தைப் போடு, வெயிலுக்கும் ஆச்சு" என்றார். கோடையில் தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்வது இங்கே வழக்கம்தான். பகலில் வெயிலை மறிக்கிற கீற்று ராத்திரியில் வானத்தையும் மறிக்கும். வேப்பமரத்தடி வண்டிக்கு நடந்தது ஷீட்டுக்கும் நடக்க வேண்டும்.

ஜனவரி 9

கொல்லையில் பின்னிவைத்த கீற்று பாதி முற்றத்துக்குத்தான் வந்தது. கிழக்குப் பாதியில் இரண்டு அடுக்காகப் போட்டுக் கயிறு கட்டியாயிற்று. மேற்குப் பாதி வெறும் தகரம். சோதனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நானே செய்திருக்க முடியாது.

ஜனவரி 10

தெளிந்த வானம், நல்ல பனி. ஐந்தரை மணிக்கு டார்ச். மேற்குப் பாதியில் வழக்கம்போல முத்துகள், சட்டத்தில் சொட்டு. கிழக்கே நகரும் வெளிச்சத்தில், கீற்று விளிம்பு தொடங்கும் இடத்தில் நேர்க்கோடு போட்டதுபோல் ஈரம் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தகரம் மங்கலாக, காய்ந்து கிடக்கிறது. தெர்மாமீட்டர் கிழக்கில் 21, மேற்கில் 18.

அத்தையை எழுப்பிக் காட்டினேன். குனிந்து கீழே தரையைத்தான் தடவிப் பார்த்தார்கள். "அப்ப போட்டவன் மேல தப்பில்ல" என்றார்கள்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து இன்றைக்குத்தான் நோட்டைத் திறக்கிறேன். குரங்குகள் கீற்றைக் கண்டுபிடித்துவிட்டன. ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது, அதன் நேர் கீழே மட்டும் இன்று காலை சொட்டு. பழைய மீன்வலை வாங்கிக் கீற்றின்மேல் விரித்துக் கட்ட வேண்டும். மேற்குப் பாதிக்குக் கீற்று முடைய ஆள் இல்லை, எல்லோரும் அறுப்பில். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசிக்குள் முடித்தாக வேண்டும். அதுவரை நெல் மூட்டைகள் கிழக்குப் பக்கம், மரக்கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி.