கடலோரப் பாதைக்கு வாட்டம் பார்ப்பது

கடலோரச் சிற்றூர்களை இணைத்து சைக்கிளுக்கும் நடைக்கும் பொதுவாகப் பாதை போடும்போது, பேச்செல்லாம் அகலத்திலேயே நிற்கும். எதிரும் புதிருமாக ஆள் போக 3 மீட்டர் வேண்டும். இடம் நெருக்கினால் கொஞ்ச தூரத்துக்கு 2.4 போதும். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம். போட்ட பாதையைப் பாழாக்குவது தண்ணீரும் மணலும்தான்.

முதலில் வாட்டம். குறுக்குவாட்டில் 2 சதவீதம், அதாவது 3 மீட்டர் பாதையில் ஓர் ஓரம் மற்றதைவிட 6 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் தேங்கும். கூடினால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாகவே இழுக்கும். சமதரையில் நீர் இயல்பாக ஓடும் பக்கம் சாய்க்கலாம். மண்மேட்டு விளிம்பை ஒட்டிப் போகும் இடத்தில் மட்டும் கடல் பக்கம் சாய்க்கவே கூடாது. வழியும் நீர் விளிம்பை அரித்து, கடைசியில் பாதையின் அடியையே தின்றுவிடும். அங்கே உள்பக்கம் சாய்த்து, வாய்க்காலில் வாங்கி, குழாய் வழியே கீழே இறக்க வேண்டும்.

தார் போடப் பணம் போதாவிட்டால் ஜல்லி போடலாம். ஆனால் உருண்டைக் கூழாங்கல் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. உடைத்த கல்தான் வேண்டும், 10 மி.மீ.க்கு மேல் போகாமல், தூளும் கலந்து. லேசாக நனைத்து ரோலர் ஓட்ட வேண்டும். மணல் தரையானால் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை மட்டும் விட்டு, ஜல்லியும் மணலும் கலக்காமல் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரிக்காமல் கொட்டிய ஜல்லி மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும். 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றமுள்ள துண்டில் தூள் மழையோடு போய்விடும் என்பதால், அந்த இடத்துக்கு மட்டுமாவது கான்கிரீட் போடுங்கள்.

மணலைத் தடுக்கச் சுவர் எழுப்புவது வீண் செலவு. சுவரில் மோதிச் சுழலும் காற்று மணலைப் பாதை மேலேயே கொட்டும். பாதி இடைவெளி விட்ட குச்சி வேலியை சற்றுத் தள்ளிக் கடல் பக்கம் போட்டால் காற்றின் வேகம் குறைந்து, மணல் வேலியடியிலேயே படியும். பாதை தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இருந்தால் எந்த வேலியும் உதவாது. வளைவில் விரல் கன மணல் கிடந்தாலும் முன்சக்கரம் வழுக்கும். பெருக்க ஆள் அனுப்பும்போது வளைவுகளுக்கே முதலில் அனுப்புங்கள்.

மணல்மேட்டைக் கடக்கும் பலகைப் பாலத்தில் பலகைகள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாட்டில் அடித்தால் இடுக்கில் டயர் சிக்கும். ஆணி, போல்ட்டெல்லாம் 316 தரத் துருப்பிடிக்கா எஃகாக இருக்கட்டும். உப்புக்காற்றில் 304 சீக்கிரமே பழுப்பேறும்.

வண்டிகள் நுழையாமலிருக்கக் கம்பம் நடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நடுவார்கள். அங்கேதான் தப்பு. இரு பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் நடு இடைவெளியைப் பிடிக்கப் பார்த்து நேருக்கு நேர் மோதுவார்கள். ஒன்றோ மூன்றோ நடுங்கள், 1.5 மீட்டர் இடைவெளி விட்டு; இருட்டில் தெரிய ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டையும் ஒட்டுங்கள்.