தேநீர் விருந்துக்கு முதலில் ஒரு வருஷம் வேண்டும்

பழைய காலத்துப் பாணியில் வீட்டிலேயே ஒரு மாலைத் தேநீர் விருந்து வைக்கப் போகிறேன் என்று வாட்ஸாப்பில் சொன்னதும், "மூணு அடுக்குத் தட்டு வாங்கிட்டியா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை. சின்ன மேசையில் நிறையப் பண்டத்தைக் காட்ட ஓட்டல்காரர்களுக்கு அது வசதி. வீட்டில் தட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தால்தான் பேச்சு நகரும்.

நான் முதலில் தேடியது ஒரு வருஷத்தை. விக்டோரியா காலம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது 1837 முதல் 1901 வரை. தொடக்கத்தில் இங்கிலாந்து குடித்த தேயிலை வேறு, முடிவில் குடித்தது வேறு. கேக் கூட வேறு. இன்ன வருஷம் என்று முடிவு செய்துவிட்டால், கடையில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், பெட்ஃபர்டில். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படும் அன்னா மரியா எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட பட்டத்துக்காரர், பெட்ஃபர்டின் 7ஆம் டியூக்கின் மனைவி. அவர்கள் மாளிகையான வோபர்ன் ஆபி இங்கிருந்து காரில் அரை மணி நேரம். 1840 வாக்கில் பணக்கார வீடுகளில் மதியச் சாப்பாடு பேருக்குத்தான் இருந்தது. இரவுச் சாப்பாடோ எட்டு மணியைத் தொடும். நடுவில் வயிறு கூப்பிடாதா? தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார், பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார் என்பது கதை. உள்ளூர்ப் பெருமைக்காக 1840ஐயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் 1840இல் கோப்பையில் இருந்திருக்கக்கூடியது சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை லண்டன் ஏலத்துக்கு முதன்முதலில் வந்ததே 1839இல், அதுவும் எட்டே பெட்டி. இலங்கையில் அப்போது காப்பித் தோட்டம்தான். என் விருந்தாளிகளில் ஒருத்தி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரி. ஊருக்குப் போய் வந்தவள் எனக்கென்று ஒரு பொட்டலம் திம்புள்ளத் தேயிலை கொண்டுவந்திருந்தாள். அதை விட்டுவிட்டு சீனத் தூளை வாங்க எனக்கு மனசில்லை.

அதனால் வருஷத்தை நகர்த்தினேன். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அதற்கடுத்த சில வருஷங்களில் இலைத்துரு நோய் காப்பியைத் தின்று தீர்த்தது. மலை முழுக்கத் தேயிலை ஏறியது. 1890 என்று வைத்துக்கொண்டால் என் தோழியின் பொட்டலத்துக்கு லண்டன் வரவேற்பறையில் முழு உரிமை உண்டு. அவள் முன்னோர் திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர்கள். நான் தயாரிப்பைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அம்மாச்சி கொழுந்து எடுத்தாங்க. ஆனா நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிடும், லயத்துல நாங்க குடிச்சது டஸ்ட்டு." லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. முதல் கோப்பையை அன்று அவளுக்குத்தான் ஊற்றினேன். பால் வேண்டாம் என்றாள். நல்ல கொழுந்துக்குப் பால் எதற்கு என்று அவள் கட்சி.

ஊற்றுவது வீட்டுக்காரியின் வேலை. எத்தனை வேலைக்காரர்கள் இருந்தாலும் தேநீரை மட்டும் வீட்டம்மாவே ஊற்றுவார். இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் தேயிலை மேல் பிரிட்டனில் போட்ட வரி அதன் விலையையே தாண்டியது: 1784க்கு முன் 119 சதவீதம். அந்த வருஷம்தான் அதை 12.5 ஆகக் குறைத்தார்கள். அதுவரை தேயிலைப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி வீட்டம்மாவிடம். விலை இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் மரியாதையாக நின்றுவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி. பரிமாறுகிறவள் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக ஓடாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் கவனிக்கலாம். நம் வீட்டு விசேஷங்களில் எனக்குக் கிடைக்காத சுகம்.

சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டு, கூடத்தில் சோபாவுக்கு முன்னால் சின்ன மேசைகளைப் போட்டேன். கப்பும் சாசரும் சேரிட்டி ஷாப்பில், அதாவது தானமாக வந்த பழைய பொருளை விற்கும் கடையில், வாங்கியவை. இங்கே பாட்டிமார் விட்டுப்போன 'போன் சைனா' பீங்கான் இந்தக் கடைகளில் கொள்ளை மலிவு. ஜோடி சேராமல் கிடைக்கும், அதுவே அழகு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே விரலை வைத்தால் நிழல் தெரியும். களிமண்ணோடு சுட்ட மாட்டெலும்புச் சாம்பலைச் சேர்ப்பதால் வரும் மினுமினுப்பு அது. எடையில் ஏறக்குறைய பாதி சாம்பல்தான்.

இந்தத் தகவலை நான் அத்தை காதுபடச் சொல்லியிருக்க வேண்டியதில்லைதான். ஆனால் மாமியாரிடம் மறைத்து எலும்புக் கோப்பையில் கொடுப்பது நியாயமில்லை. அத்தை திருநெல்வேலிச் சைவம், முட்டை கூடக் கிடையாது. மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். "அப்ப எனக்கு எவர்சில்வர் தம்ளர் கொடு" என்றார். அதற்கு அவசியம் வரவில்லை. நீலச் சித்திரம் அச்சிட்ட ஸ்டாஃபர்ட்ஷயர் மண்பாண்டக் கோப்பைகளும் அந்தக் காலத்து வீடுகளில் இருந்தவைதான், அவற்றில் எலும்பு கிடையாது. ஒன்று தேடிப் பிடித்துவிட்டேன்.

சாப்பாட்டு விஷயத்தில் அத்தைக்குக் கைகொடுத்தவர் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற பர்மிங்காம் மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரை அவர் உருவாக்கியது அவருக்காகத்தான். 1843இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப பேக்கிங் பவுடரையும் செய்தார். ஆக, 1890 வீட்டில் முட்டையில்லாத ஸ்கோன் (சின்ன பன் மாதிரியான பண்டம்) வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. 225 கிராம் மைதா, மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 25 கிராம் சர்க்கரை. 50 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் மாவில் உதிர்த்து, 150 மில்லி பாலை ஊற்றிச் சேர்த்தால் போதும், சப்பாத்தி மாவு மாதிரிப் பிசையக் கூடாது. இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தட்டி, அச்சை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். திருகினால் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். 220 டிகிரியில் பன்னிரண்டு நிமிஷம். ஜாம் முதலிலா க்ரீம் முதலிலா என்று கார்ன்வாலும் டெவனும் சண்டை போட்டுக்கொள்ளட்டும், நான் இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். மற்றவர்களுக்காகச் சீமைச்சோம்பு போட்ட கேக், முட்டையோடு, தனி மேசையில்.

வெள்ளரிக்காய் சாண்ட்விச்சில்தான் கை நிதானம் வேண்டும். சீவிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவி இருபது நிமிஷம் வடிகட்டியில் விட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். ரொட்டி முந்தின நாளுடையதாக இருக்கட்டும். முழு ரொட்டியின் வெட்டிய முகத்தில் முதலில் வெண்ணெயைத் தடவிவிட்டு, பிறகு துண்டு போட வேண்டும். அப்போதுதான் காகிதம் போல மெலிசாக வெட்டினாலும் கிழியாது. பழைய சமையல்காரர்களின் வேலை இது. வெண்ணெய் ஓரம் வரை போக வேண்டும், ருசிக்காக மட்டுமில்லை, காயின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பதே அதுதான்.

பெட்ஃபர்ட் தண்ணீர் கடினநீர். கெட்டிலில் சுண்ணாம்பு படியும், தேநீரின் மேல் எண்ணெய் மாதிரி ஒரு ஆடை மிதக்கும். கால்சியமும் தேயிலைச் சத்தும் காற்றுப் பட்டுச் சேர்ந்து உண்டாகும் படலம் அது. வெள்ளிப் பாத்திரம், லேஸ் விரிப்பு என்று எவ்வளவு செலவழித்தாலும் அந்த ஆடை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஃபில்டர் ஜக்கில் வடித்த தண்ணீரைப் பயன்படுத்தினேன். டீபாட்டை வெந்நீரில் அலசிச் சூடாக்கி, ஆளுக்கொரு டீஸ்பூன் தூள், டீபாட்டுக்கென்று இன்னொன்று, நான்கு நிமிஷம். பக்கத்தில் இன்னொரு கெட்டிலில் வெந்நீர், கடுப்பாகிவிட்டால் கலந்துகொள்ள. கோப்பையடியில் தங்கிய கசடை ஊற்ற ஒரு கிண்ணமும் வேண்டும். இது இல்லாவிட்டால் இரண்டாவது கோப்பை அழுக்குக் கோப்பைதான்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஜாடியில் ஊற்றியதைப் பார்த்து அத்தைக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, பச்சைப் பாலையா ஊத்துற?" பாஸ்சரைஸ் செய்த பால்தான் என்று விளக்கினேன். அவர் கோப்பைக்கு மட்டும் காய்ச்சிக் கொடுத்தேன். காய்ச்சிய பாலின் வாசனை இலையின் வாசனையை மூடிவிடும் என்பது என் எண்ணம். அத்தைக்குப் பால் வாசனை இல்லாதது டீயே இல்லை.

உடை விஷயத்தில் நான் யாரையும் படுத்தவில்லை. அந்தக் காலத்தில் பார்க்க வந்த பெண்கள் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள், சீக்கிரம் கிளம்பிவிடுவேன் என்பதற்கு அதுவே அடையாளம். எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் பெரிய தொப்பியோடு வந்து, கழற்றாமலே ஏழரை மணி வரை உட்கார்ந்திருந்தார். அத்தையும் அவரும் பொதுமொழி எதுவும் இல்லாமல் முழங்கால் வலி பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

தங்க விளிம்பு போட்ட கோப்பைகளை டிஷ்வாஷரில் போடாதீர்கள், விளிம்பு போய்விடும். கையால்தான் கழுவ வேண்டும். ஒருத்தி கழுவ, ஒருத்தி துடைக்க, ஒரு மணி நேர வேலை. மிஞ்சிய ஸ்கோன்களை மறுநாள் காலை அத்தை தோசைக்கல்லில் நெய் விட்டுப் புரட்டி, இட்லிப் பொடியோடு சாப்பிட்டார். அடுத்த முறை இனிப்பைக் குறைத்துக் கொஞ்சம் மிளகும் தட்டிப்போடச் சொல்லியிருக்கிறார்.